பழைய ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளில் கணினி மொழிகள்: சேகரிப்பவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

என் மாமா தவறி, கருமாதி முடிந்த அடுத்த வாரம், தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் வீட்டில் அவருடைய அலமாரியை ஒழித்தோம். கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றும் எண்பதுகளின் வீட்டுக் கணினியான, ரப்பர் விசைகள் வைத்த ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்று, அதில் பாஸ்கல் என்ற கணினி மொழியை ஏற்றும் ஹைசாஃப்ட் பாஸ்கல் கேசட்டும் கையேடும், அப்புறம் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பாட்டுக் கேசட்டுகள். பாஸ்கலை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டேன். "பாட்டுக் கேசட்டெல்லாம் உனக்கு எதுக்குப்பா, கோயில்ல கொடுத்திடலாம்" என்றார் அத்தை. சரி என்றேன். அவற்றில் ஒன்று மட்டும் எப்படியோ என் பையில் வந்துவிட்டது. ஒரு பக்கம் தேவாரம். மறுபக்கம், காவடி எடுப்பவர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்க மாமா பாஸ்கலில் எழுதிய புரோகிராம். கொடுத்துவிட்ட மற்ற கேசட்டுகளில் என்ன இருந்தது என்று இனித் தெரியப்போவதில்லை.

பழைய கணினி மொழிகளைச் சேர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பாஸ்கல், மைக்ரோ புரோலாக், லோகோ, பீட்டா பேசிக் எல்லாம் அச்சிட்ட உறையோடு கடையில் விற்றவை. எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கும். அந்த மொழியில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியது அந்த ஒரே கேசட்டில்தான் இருக்கும். ஆகவே மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் கடைசிவரை கேளுங்கள். ஸ்பெக்ட்ரமிலேயே இருக்கும் மொழியான சின்கிளேர் பேசிக்கின் பதிவைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். முதலில் ஐந்து விநாடி ஒரே சீரான ஊளை, ஒரு சின்னக் கிறீச், சற்று அமைதி, மறுபடி இரண்டு விநாடி ஊளை, பிறகு நீண்ட கரகரப்பு.

ஆனால் எடுத்தவுடனே ஓட்டிவிடக் கூடாது. டர்பன் ஈரக்காற்றில் வருஷக்கணக்காகக் கிடந்த கேசட் அது. வெளிச்சத்தில் பிடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை முதலிலேயே உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது.

அடுத்தது, நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். இரைச்சலை நீக்குகிறேன் என்று ஒலியைச் சுத்தம் செய்வார்கள், இடம் மிச்சம் என்று எம்பி3 ஆக்குவார்கள். ஸ்பெக்ட்ரம் நம்மைப் போல ஒலியைக் கேட்பதில்லை, அலை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. 0 என்றால் குறுகிய அலை, 1 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. இப்படி நொடிக்குச் சராசரியாக 1500 பிட். எம்பி3 மனிதக் காதுக்காகச் செய்தது. காதுக்குத் தேவையில்லை என்று அது தூக்கி எறிவதில் அந்த அலையின் விளிம்பும் போய்விடலாம். 44,100 ஹெர்ட்ஸில், இரண்டு சானலும் சேர்த்து, வேவ் ஃபைலாகவே பதியுங்கள். ஒரு சானலில் ஒலி விட்டுப்போன இடம் மற்றதில் நன்றாக இருக்கலாம்.

ஒலி மந்தமாக இருந்தால் உடனே கேசட்டைக் குறை சொல்லாதீர்கள். பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கலாம். உங்கள் ரெக்கார்டரில் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்பி, கரகரப்பு கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். சரியாக வந்ததா என்று இயந்திரமே சொல்லும். ஒவ்வொரு தொகுதியின் கடைசி பைட்டும் முன்னால் வந்தவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே இருக்கிறது. கணக்கு இடித்தால் திரையில் 'டேப் லோடிங் எரர்' என்று வந்துவிடும். இன்றைய கணினியில் ஸ்பெக்ட்ரமைப் போல இயங்கும் மென்பொருள்கள் படிக்கும் டிஏபி, டிஇசட்எக்ஸ் ஃபைலாக மாற்றிய பிறகும் அந்த வேவ் ஃபைலை அழிக்காதீர்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர் எதிர், அதனால் பார்க்காமல் செருகிவிடக் கூடாது. லோட் ஷெடிங் நேரத்தில் செருகியை உருவி வையுங்கள். மின்சாரம் திரும்பி வரும் அந்தக் கணம் மோசமானது.

திரையில் தெரியும் பேசிக் வரிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. போதாது. சின்கிளேர் பேசிக், வரியில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அதே எண்ணை ஐந்து பைட்டுகளில் மறைத்து வைக்கிறது. கணக்குப் போடுவது அந்த மறைந்த எண்ணை வைத்துத்தான். சிலர் திரையில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைத்திருப்பார்கள். எழுத்தை மட்டும் பிரதியெடுத்தால் அதெல்லாம் போச்சு.

கடைசியாகக் கையேடு. விளையாட்டு என்றால் கையேடு இல்லாமலும் ஆடிப் பார்க்கலாம், மொழிக்கு அது நடக்காது. ஹைசாஃப்ட் பாஸ்கலை ஏற்றியதும் அது 'டாப் ஆஃப் ராம்?' என்று கேட்கும். வெறும் என்டர் தட்டினால் போதும் என்று கையேடு படித்தவருக்குத்தான் தெரியும். மாமாவின் புரோகிராமை பேசிக்கில் லோட் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், வரவே இல்லை. பாஸ்கலுக்குள் போய், கேசட்டிலிருந்து புரோகிராமை எடுக்கும் ஜி கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை இருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மாமா எழுதியிருந்தார்: "தேவாரம், பின்பக்கம், கவுன்ட்டர் 214." நாடா எவ்வளவு ஓடியது என்று ரெக்கார்டர் காட்டும் எண் அது. வெறும் அச்சுப் பக்கம் இணையத்தில் இருக்கிறதே என்று இந்தக் கையேட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த எண் கிடைத்திருக்காது. 214-க்கு ஓட்டி ஜி கொடுத்தேன். அன்று சாயங்காலம், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் வரி திரையில் வந்தது.