இணையம் இல்லாதபோதும் வழி காட்டும் கைப்பேசி

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் மின்சாரமின்றிக் கிடந்த நாட்களை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் இணையம் அடியோடு நின்றுபோனாலும், நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி சரியாகக் காட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கைப்பேசி நேரடியாகவே பெற்றுக்கொள்கிறது. வரைபடத்துக்குத்தான் இணையம் வேண்டும்.

ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன் கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ பகுதியில் கடலூர் முதல் புதுச்சேரி வரையிலான பரப்பைச் சட்டத்துக்குள் அடக்கிப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். டேட்டாவை அணைத்துவிட்டுத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்து பார்த்தேன். நீலப் புள்ளி என்னுடனேயே நகர்ந்து வந்தது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்புகிறது என்பதால், இணைய உதவி இல்லாதபோது முதன்முறை இடத்தைக் கண்டறியச் சில நிமிடங்கள்கூட ஆகலாம்; காற்று ஓய்ந்தபின் மொட்டைமாடி போன்ற திறந்தவெளியில் சற்றுப் பொறுத்திருங்கள். புதுப்பிக்காத வரைபடம் காலாவதியாகிவிடும். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.