விண்டோஸ் விக்குதா விக்கலையா: சண்டைக்கு முன்னாடி கணக்க பாக்குறது எப்படி

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் நாங்க சாயங்காலம் டீ குடிக்கிற எடத்துல கொஞ்ச நாளா ஒரே பஞ்சாயத்து. அண்ணாச்சி ஒருத்தர் மைக்ரோசாஃப்ட் ஷேர் வச்சிருக்காவ, அவுக மருமவன் தென்காசில சாஃப்ட்வேர் வேலை பாக்கான், அவன் "மாமா, விண்டோஸ்லாம் முடிஞ்சு போச்சு, இனி லினக்ஸும் மேக்கும்தான்"ங்கான் (ரெண்டும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற வேற சாஃப்ட்வேருங்க), இவுக "நீங்க சும்மா இருங்க மாப்ள, பேங்க், தாலுகா ஆபீஸ், எங்க போனாலும் அதுதான ஓடுது"ங்காவ. ரெண்டு பேரும் கண்ணுல பட்டத வச்சே பேசுதாவ, கணக்க ஒருத்தரும் தொறக்கல.

மொதல்ல அளவ பாருங்க. கம்பெனியோட வருசக் கணக்கு, 10-கேன்னு சொல்லுவாவ, அமெரிக்காவோட எஸ்இசி, அதாவது நம்ம செபி மாதிரி பங்குச்சந்தைய கண்காணிக்கிற அமைப்பு, அதோட சைட்ல சும்மாவே கெடைக்கும். அதுல எந்தப் பொருள்ல எவ்வளவு வருமானம்னு ஒரு டேபிள் இருக்கும், அதுக்கு நேரா போயிருங்க, மத்ததெல்லாம் பெறவு. 2025 ஜூன்ல முடிஞ்ச வருசத்துக்கு மொத்தம் சுமார் 28,170 கோடி டாலர், அதுல விண்டோஸும் அவுக சொந்தமா விக்கிற சர்ஃபேஸ் லேப்டாப் மாதிரி டிவைஸும் சேத்தே 1,700 கோடி சொச்சம்தான், அதாவது நூறு ரூவாய்க்கு ஆறு ரூவா. சர்வரும் கிளவுடும் (இன்டர்நெட் வழியா வாடகைக்கு விடுத கம்ப்யூட்டர் வசதி) மட்டும் 9,800 கோடிக்கு மேல. இத போன்ல காட்டுனதும் அண்ணாச்சி டீ கிளாஸ கீழ வச்சுட்டு கண்ணாடிய வேட்டில தொடச்சு மாட்டி ரெண்டாவது தடவையும் பாத்தாவ.

அப்புறம், துட்டு யாரு குடுக்காங்கறது. கடைல லேப்டாப் வாங்கும்போது விண்டோஸுக்குன்னு நாம தனியா குடுக்கறதில்ல, டெல், எச்பி, லெனோவா மாதிரி ஆளுங்கதான் லைசென்ஸுக்கு குடுக்காவ, இதத்தான் ஓஇஎம் வருமானம்ங்கறது. அதனால நம்ம கைக்கு மெஷின் வந்தாத்தான் கணக்குல ஏறும்னு இல்ல. உரக்கடைக்காரர் வெல ஏறப்போகுதுன்னு மூட்டைய எறக்கி அடுக்கிட்டா கம்பெனிக்கு விற்பனை கூடுன மாதிரிதான் தெரியும், வயலுக்கு ஒரு மூட்டையும் போயிருக்காது. 2025 ஜனவரி-மார்ச்ல அமெரிக்கா இறக்குமதி வரி போடும்ங்கற பயத்துல இதேதான் நடந்துச்சு, சரக்கு தேங்கி நிக்குன்னு கம்பெனியே சொல்லிச்சு. ஒரு குவார்ட்டர், அதாவது மூணு மாசக் கணக்கு, கூடிட்டுன்னு குதிக்காதீங்க, ரெண்டு மூணு குவார்ட்டர சேத்து பாருங்க.

பழைய வருசத்தோட ஒப்பிடுறவங்க இன்னும் உசாரா இருக்கணும். 2017 ஜூலைல புது கணக்கு விதிக்கு மாறுனாங்க, அதுக்கு முன்னாடி விண்டோஸ் 10 லைசென்ஸ் காச மெஷினோட ஆயுசுக்கும் பிரிச்சு பிரிச்சு எழுதுனாங்க, பெறவு பெரும்பாலும் வித்த ஒடனேயே எழுதுறாங்க. 2024 ஆகஸ்ட்ல, கம்பெனிகளுக்கு விக்கிற மைக்ரோசாஃப்ட் 365ங்கற சந்தா தொகுப்புல அடங்குன விண்டோஸ் பங்க வேற பிரிவுக்கு தூக்கிட்டாங்க. அதனால இந்த மாத்தத்துக்கு ஏத்த மாதிரி கம்பெனியே திருத்தி போட்ட பழைய வருச நம்பரத்தான் எடுக்கணும்.

இனி போட்டி. மருமவன் சொல்லுத லினக்ஸ விட பெரிய போட்டி விண்டோஸோட பழைய வெர்ஷன்தான்ங்கறது என் எண்ணம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னுது, 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும்னு வச்சதால நெறைய பழைய மெஷினு தேறாது, அதுக்காக புது மெஷினு வாங்குனதுல வந்த வியாபாரம் ஒரு தடவைக்கு வர்றது, வருசா வருசம் வராது. இன்னொரு போட்டி நம்ம ஊர்லயே இருக்கு. வண்ணாரப்பேட்டைல ஒரு கடைல நின்னு பாத்தேன், ஒரு பையன் "விண்டோஸ் இல்லாம டாஸ் லேப்டாப் தாங்கண்ணே, வெல கொறையும்லா"ன்னான், கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே ட்ராயர்ல இருந்து திருட்டு விண்டோஸ் இருந்த ஒரு பென்டிரைவ எடுத்தாரு. பையன் வீட்டுக்கு கொண்டு போனதும் விண்டோஸ் மெஷினுதான், கம்பெனிக்கு காலணா போகல.

போட்டின்னா ஆள் எண்ணிக்கைய மட்டும் எண்ணாதீங்க, ஒரு மெஷினுக்கு எவ்வளவு கெடைக்குதுன்னும் பாருங்க. 2008 வாக்குல நெட்புக்குங்கற குட்டி லேப்டாப்ல லினக்ஸ் போட்டு வந்துச்சு, அத தடுக்க பழைய விண்டோஸ் எக்ஸ்பிய கொறஞ்ச வெலைக்கு குடுத்தாங்க. எடத்த புடிச்சிட்டாங்க, ஆனா காசு கொறஞ்சுது. 2009 ஜூன்ல முடிஞ்ச வருசம் மொத்த வருமானம் 6,040 கோடி டாலர்ல இருந்து 5,840 கோடிக்கு எறங்குச்சு, உலகம் பூரா மந்தம்தான் பெரிய காரணம், ஆனா நெட்புக்கும் கைவச்சுது.

குவார்ட்டர் ரிசல்ட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் கடைசி வாக்குல வரும், அங்க மார்க்கெட் மூடுன பெறகு, அதாவது நமக்கு நடுராத்திரி தாண்டி. முழிச்சிருக்க வேண்டாம், காலைல பாத்தா போதும். அண்ணாச்சிதான் ரெண்டு மணிக்கே மருமவன எழுப்புதாவளாம்.