கப்பலிலிருந்து மினிக்காய் தீவில் ஒரு பகல்: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

மினிக்காய் லட்சத்தீவுகளில் ஒன்று. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகிற கப்பல் சுற்றுலாவில் ராத்திரி தூக்கம் கப்பலில், பகல் பொழுது தீவில். காலையில் இறக்கிவிட்டு சாயங்காலம் ஏற்றிக்கொள்வார்கள். தீவில் என்ன பார்க்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்படி இறங்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அந்த நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் இறங்கி ஏறுகிற அந்த இரண்டு வேளையில்தான்.

படி 1: அனுமதி

லட்சத்தீவுக்காரர் அல்லாத யாராக இருந்தாலும், இந்தியரே ஆனாலும், நுழைவு அனுமதி வேண்டும். பேக்கேஜில் போனால் ஏற்பாடு செய்பவர்களே வாங்கித் தருவார்கள். காவல்துறைச் சான்று கேட்டால் அதற்கு நாம்தான் அலைய வேண்டும், அதனால் முன்னாடியே ஆரம்பித்துவிடுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதிக்குள் திட்டமிடுங்கள்.

படி 2: முந்தின ராத்திரி

முதுகில் மாட்டுகிற ஒரே ஒரு பை. கையில் எதுவும் இருக்கக் கூடாது, காரணம் அடுத்த படியில். துண்டு, மாற்றுத்துணி, தொப்பி, தண்ணீர், கொஞ்சம் ரொக்கம், குதிகாலில் வார் வைத்த செருப்பு. அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு, போன் மூன்றும் தண்ணீர் புகாத கவருக்குள். நான் போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரே ஒரு அலை தெறித்தது, அவ்வளவுதான், அன்று முழுக்க ஒரு படம்கூட எடுக்கவில்லை. மது பாட்டிலை மறந்துவிடுங்கள், தீவில் தடை.

படி 3: படகில் இறங்குவது

தீவின் படகுத்துறையை ஒட்டிக் கப்பல் வந்து நிற்க முடியாத நாளில், அது பவளத்திட்டுக்கு வெளியே ஆழத்திலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே ஒரு சின்னப் படகு வந்து ஒட்டும். ஒட்டும் என்று சொன்னேனே தவிர அது ஒரு நொடி உங்கள் கால் மட்டத்துக்கு ஏறும், மறு நொடி இடுப்பளவு கீழே போகும். பயந்துபோய் இறங்குகிற படகைப் பார்த்துக் காலை வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. படகு மேலே வந்து உச்சியில் அரை நொடி நிற்கும், அப்போது ஒரே எட்டாக வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் உங்கள் விரலைப் பிடிக்க மாட்டார்கள், முழங்கைக்குக் கீழே பிடிப்பார்கள், நீங்களும் அப்படியே அவர்கள் கையைப் பிடியுங்கள். அவர்கள் "இப்போ" என்று சொல்வதற்கு முன் குதிக்காதீர்கள், சொன்ன பிறகு யோசிக்காதீர்கள். ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள், செல்ஃபி அப்புறம்.

படி 4: வெயில் ஏறுமுன் கலங்கரை விளக்கம்

வெள்ளைக்காரர்கள் 1885இல் கட்டியது. மேலே ஏறினால் தீவின் வடிவம் ஒரே பார்வையில் புரியும்: சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக வளைந்த தென்னந்தோப்பு, மேற்கே இளம்பச்சைக் காயல், அதன் விளிம்பில் அலை உடையும் வெள்ளைக்கோடு, அதற்கப்பால் கருநீலம்.

கீழே வந்தால் ஊருக்குள் நடங்கள். 11 கிராமங்கள். மற்ற லட்சத்தீவுகளில் பெரும்பாலும் மலையாளத்தோடு சேர்ந்த பேச்சு, இங்கே மட்டும் மாலத்தீவு மொழியின் கிளையான மஹல், வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். கிராமத்துக்குக் கிராமம் வண்ணம் பூசிய நீளமான பந்தயப் படகு உண்டு, ஜஹாதோனி என்பார்கள். வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டில் சூரை மீன் இருக்கும். இங்கே வலை போட்டு அள்ளுவதில்லை, உயிருள்ள சின்ன மீன்களைத் தூவி, தண்ணீரைப் பீய்ச்சி, சூரைக் கூட்டத்தை மேலே வரவழைத்துக் கழியும் தூண்டிலுமாகத் தூக்குகிறார்கள். அதே சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்தால் மாசி. தூத்துக்குடிக்காரர்களுக்கும், மாசிச் சம்பல் சாப்பிட்ட இலங்கைத் தமிழர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் கேபின் முழுக்க மாசிதான்.

படி 5: காயலில் இறங்குவது

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். மணலில் மட்டும் காலை ஊன்றுங்கள். பவளத்தின் மேல் நின்றால் அதுவும் சாகும், உங்கள் காலும் கிழியும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. கரையில் செத்துக் கிடக்கிற பவளத் துண்டைக்கூட எடுக்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 6: திரும்புவது

கடைசிப் படகுக்குக் காத்திருக்காதீர்கள், அதற்கு முந்தினதைப் பிடியுங்கள். சாயங்காலம் காற்று கூடினால் படகு காலையைவிட அதிகம் ஆடும், கால் வேறு சோர்ந்திருக்கும். விதி அதேதான்: படகு உச்சிக்கு வந்ததும் ஒரு எட்டு. வயதானவர்களும் குழந்தைகளும் முதலில். ஏறியதும் டீயை விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுங்கள், அரை மணியில் கப்பலே உப்பும் மணலுமாக அங்கே வரிசையில் நிற்கும்.