பாய்க்கயிறு தேஞ்ச கதை, என் அனுபவம்

போன மாசியில தாய்லாந்தின்ர புக்கெட்டில இருந்து இலங்கையின்ர காலித் துறைமுகத்துக்கு ஒரு பாய்மர யாட்டில உதவிக்குப் போனனான், கிட்டத்தட்ட 1100 கடல் மைல், முழுக்க வாடைக்காத்து பின்பக்கத்தால தள்ள நாள்கணக்கா பாயில கைவைக்கத் தேவையே இல்லை, எனக்கெண்டா சரியான சந்தோசம். அஞ்சாம் நாள் இரவு காத்துக் கூட பாயைக் குறுக்கிறதுக்கு இறக்கினா, மெயின் பாயை ஏத்துற கயிறு, எங்கட ஆக்கள் ஆஞ்சான் எண்டுறது, மேல்தோல் பஞ்சாப் பிஞ்சு உள்நார் தெரியுது!

காரணம் சிம்பிள். பாய் அசையாம நிண்டாலும் படகு உருளுது, மரத்து உச்சியில கப்பிக்கு மேல கயிற்றின்ர ஒரே இடம்தான் இரவுபகலா உராயும்.

பாய் கீழ வந்ததால மேல ஏறத் தேவைப்படேல்லை, நல்லகாலம். தேஞ்ச துண்டை ஒண்டரை அடி அளவில வெட்டி எறிஞ்சு, நல்ல இடத்தில திருப்பி முடிச்சுப் போட்டன். பேந்து ஒருநாள் விடிய கயிற்றை ரெண்டு அங்குலம் இளக்கி விட்டன், அடுத்தநாள் ஏத்தி இழுத்தன், இப்பிடியே மாறி மாறி, அப்ப கப்பியில வேற இடம் இருக்கும். காலி மட்டும் பிரச்சினை இல்லை.

வல்வெட்டித்துறையில பெரியப்பாட்ட சொல்ல மனுசன் சிரிக்கிறார், "உதைக் கேட்டிருந்தா புறப்பட முந்தியே சொல்லியிருப்பன் தம்பி". 1938இல இஞ்ச கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் அமெரிக்காவில குளொஸ்டர் மட்டும் போன ஊராச்சே. நான் கேட்டது பருத்தித்துறை வடை மட்டும்தான், அதுவும் மூண்டாம் நாளே முடிஞ்சுது.