சைவத்துக்கு மாறியும் இனிப்பு நீர் இறங்கவில்லையா? அடுப்படியில் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புரட்டாசி வந்துவிட்டால் சைவ மட்டன் பாக்கெட்டுக்கு ஒரு தனி மவுசு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும், சரி, இந்தப் புரட்டாசியோடு நிறுத்தாமல் வருடம் முழுக்கச் சைவமாகவே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். மூன்று மாதத்தில் எடை நாலு கிலோ ஏறியது, கிளினிக் அட்டையில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எண் அசையவே இல்லை. நடந்தது இவ்வளவுதான்: மீனும் கோழியும் போன இடத்தில் உளுந்து வடை, பொரித்த அப்பளம், காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய், மத்தியானம் இன்னும் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு என்று வந்து உட்கார்ந்துகொண்டன. எல்லாமே சைவம்தான், யார் இல்லை என்றது?

முழுத் தாவர உணவு (தானியம், பயறு, காய், பழத்தை அதிகம் பக்குவப்படுத்தாமல் சாப்பிடுவது) என்று சொல்கிறார்களே, அதில் முதல் தவறே இதுதான், அதைச் சைவம் என்று நினைத்துக்கொள்வது. செடியில் விளைந்த பொருள் தட்டுக்கு வரும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேங்காயைக் கீற்றாக மென்று தின்றால் அது முழு உணவு, பால் பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும், எண்ணெயாக ஆட்டினால் கொழுப்பு மட்டும்தான் மிச்சம், அதிலும் முக்கால் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நம் ஊரைச் சுற்றி நிற்கிற செம்பனையும் அப்படித்தான். தோட்டத்துச் சம்பளத்தில் வளர்ந்தவளுக்கு அதைக் குறை சொல்ல மனசு வராது, ஆனாலும் அந்த எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, நார்ச்சத்து சுத்தமாகக் கிடையாது. தாளிக்கும்போது போத்தலை அப்படியே கவிழ்க்கிற பழக்கத்தை விட்டு, கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள், இவ்வளவா ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று உங்களுக்கே திக்கென்று இருக்கும்.

சைவ மட்டன், சைவக் கோழி எல்லாம் பெரும்பாலும் கோதுமைப் பசையும் சோயா மாவும் உப்பும் எண்ணெயும். சிலதில் முட்டையோ பால் பவுடரோ கலந்திருக்கும், பாக்கெட்டுக்குப் பின்னால் தெலுர், சுசு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விசேஷத்துக்கு ஒருநாள் சாப்பிடலாம், தினமும் அதையே குழம்பு வைக்காதீர்கள்.

அப்புறம் தட்டின் அளவு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரு' கேள்விப்பட்டிருப்பீர்கள் (இஞ்சி சுக்கு இல்லை, மலாயில் கால் பங்கு). தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறு, மேலே தண்ணியாக ஒரு கரண்டி சாம்பார், ஓரத்தில் கிள்ளு கீரை. அந்தச் சாம்பாரில் எத்தனை பருப்பு மிதக்கிறது என்று எண்ணியே விடலாம், அதில் புரதத்துக்கு எங்கே போவது? பருப்பைக் கெட்டியாக வையுங்கள், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தௌபு (சோயாப் பால் கட்டி) சேருங்கள். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே இருக்கவே இருக்கிறது, 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மலிவாகவே கிடைக்கும். அதையும் முறுகப் பொரித்துச் சம்பாலில் புரட்டாமல், துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்கவிடுங்கள், மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசி, கடையில் பெராஸ் பெராங் என்று கேளுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் சண்டை வரும், பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பியுங்கள். பயறு வகையையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், திடீரென்று கூட்டினால் வயிறு உப்பிக்கொண்டு ராத்திரி தூங்கவிடாது.

சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் தே தாரிக் குடிப்பது நமக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து ஏற்கெனவே உடம்பில் லேசில் சேராது, தேயிலையின் துவர்ப்புச் சத்து அதையும் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால், அல்லது கூடவே ரெண்டு துண்டு கொய்யா கடித்தால், அந்த இரும்பு கூடுதலாகச் சேரும். அந்தத் தே தாரிக்கில் ஊற்றுகிற டின் பாலில் சீனி எவ்வளவு என்பது தனிக் கதை.

கீரை நல்லது என்று பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். செக்கூர் மானிஸ் இலையை அப்படிச் செய்யவே வேண்டாம். 1990களில் தைவானில் எடை குறைக்க அந்த இலையைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் மீளமுடியாதபடி கெட்டுப்போனது. நாம் வழக்கமாகச் செய்கிற மாதிரி வேகவைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் சமையல் கைகொடுக்காது. எந்தக் காய்கறியிலும் அது நம்பும்படி கிடையாது, தெம்பேயில் இருக்கிறது என்பதையும் நம்பி இருக்க முடியாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. கல்லீரலில் பழைய இருப்பு வருடக்கணக்கில் ஓடும், அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, பிறகுதான் சோர்வு, பாதத்தில் மரமரப்பு என்று வரும். இனிப்பு நீருக்கு நம்மில் பலர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12ஐக் குறைக்கக்கூடியது, பாத மரமரப்பை இனிப்பு நீர்தான் என்று நினைத்துச் சும்மா விட்டுவிடுவோம். பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள், இனிப்பு நீருக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி ஒரேயடியாக இறங்கிக் கை நடுங்கலாம், அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். மருந்தை நீங்களாகக் குறைக்கவும் கூடாது. கிளினிக் அட்டையோடு போய், சாப்பாட்டை இப்படி மாற்றப்போகிறேன் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.