இடமா, வலமா? நடைபாதையில் கவனம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள டபிள்யூ அண்ட் ஓ.டி. பாதை, பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட தார்ப்பாதை. ஷெர்லிங்டனிலிருந்து பர்சல்வில் வரை சுமார் 72 கி.மீ. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பெரும்பாலும் ஒரே பாதைதான். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அங்கே நடக்க அனுப்பும் முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நடப்பது எப்போதும் வலது ஓரம். நமக்குப் பழக்கம் இடப்பக்கம் என்பதால் மறந்துவிடும்.

பின்னால் மணி அடித்தாலோ, ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கேட்டாலோ, உங்கள் இடப்பக்கமாகச் சைக்கிள் முந்தப் போகிறது என்று அர்த்தம். பலர் ‘லெஃப்ட்’ என்றதும் பதறி இடப்பக்கமே ஒதுங்குகிறார்கள், மோதல் அங்கேதான். திரும்பாமல் அப்படியே வலது ஓரமாக நடந்தால் போதும். அப்புறம், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். நின்று பேசுவதென்றால் தாரைவிட்டு இறங்கிவிடுங்கள்.