கிணறு உள்ள மனையில் செப்டிக் டேங்க் கட்டும் முன்

கிணறோ போரோ இருந்தால், செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி (டேங்கிலிருந்து வரும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) அதிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு இது. டேப் பிடித்து அளக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான். தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் நம்ப வேண்டாம். மலக்கிருமி கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலம் முடிந்ததும் உங்கள் மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். அப்புறம், டேங்கை 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற லாரியை வைத்துக் காலி செய்யுங்கள். தயவுசெய்து ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் சாய்த்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடின்றி இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.